உள்ளே விட்ட துணி

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீடு,
அந்தப் பக்கம் வேலை.
பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில்
அடுத்தவர்களின் சர்க்கரையைத்
தட்டச்சு செய்கிறவள் நான்.
உணவுக்கு முன். உணவுக்குப் பின்.
பதினோரு வருடம்; பார்க்காத எண் இல்லை.
போன ஆனியில், மழை நாளில்,
இருநூற்றுப் பதினாறு என்று அடித்துவிட்டுப்
பெயர்க் கட்டத்துக்கு வந்தேன்.
மேபல் ரோஸ். வயது நாற்பத்திரண்டு.
எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

அதன்பிறகு ஆளுக்கொரு பட்டியல்.
பிந்து வெந்தயம் என்றாள்.
கீழ்வீட்டு அம்மிணி பாகற்காய்ச் சாறு என்றாள்.
அண்ணன் போனில், ராகி, வெறும் ராகி என்றான்.
நாத்தனார் மட்டும்
இனி கொஞ்சம் அடக்கமான நிறமாய் உடுத்து என்றாள்.
சர்க்கரைக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தமோ.

அந்த வாரமே டென்னிஸ் கடைக்குப் போனேன்.
பூசணி மஞ்சளில் கருநீலக் கட்டம், இரண்டரை மீட்டர்.
"ரெண்டு பக்கமும் பாக்கெட் வேணும்."
"பெண்ணுங்களுக்கு பாக்கெட் எதுக்கு?
இடுப்பு பெருசாக் காட்டுமே."
"இருக்கறதைத்தானே காட்டும்."
அவர் மனைவி சுஜா டேப்பைச் சுற்றி
"நாப்பது!" என்று கூவினாள்.
காஜா அடிக்கிற பையன் வரைக்கும் கேட்டது.
எனக்கு என் கண்ணாடி ஜன்னல் ஞாபகம் வந்தது.
எத்தனை பேருக்கு, வரிசை முழுக்கக் கேட்க,
வாசித்துக் கொடுத்திருக்கிறேன்.
மறுநாளிலிருந்து
காகிதத்தை மடித்துத்தான் நீட்டுகிறேன்.

வலப்பக்கம் வறுத்த கடலை.
இடப்பக்கம் ஒரு நெல்லிக்காய்,
பேருந்து குலுங்கும்போது தொடையில் தட்டும்.
நாலு மணிக்கு எதிர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியில்
பழம்பொரி
நகைக்கடை மாதிரி ஜொலிக்கும்.
கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகும்.
எல்லா நாளும் போகாது.
ஓணத்துக்கு முந்தின செவ்வாயில் இரண்டு தின்றேன்,
சூட்டோடு, நின்றபடியே.
விரல் துடைத்த எண்ணெய்க் கறை
பாக்கெட் ஓரத்தில் இன்னும் இருக்கிறது.
டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் சண்டை மரச்சீனிக்குத்தான்.
"அதையும் விட்டா நாம எந்த ஊருக்காரங்க?"
என்கிறார் ஜெபராஜ்.
விடவில்லை. இரண்டே துண்டு.
மிச்சத் தட்டு நிறைய முருங்கையிலைத் தோரன்,
சாளைக் குழம்பு, தலையோடு.
சாப்பிட்டபின் கட்டமஞ்சளில்
முற்றத்தைச் சுற்றி நாற்பது நடை.
பக்கத்து மதில் பூனை
முதல் ஒரு வாரம் பயந்து இறங்கி ஓடியது.
இப்போது கண்ணைக்கூடத் திறப்பதில்லை.

மார்கழியில் உடுப்பு தொளதொளத்தது.
எண் நூற்று நாற்பத்தெட்டு;
டாக்டர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.
பிடிக்கக் கொடுத்தேன்.
சுஜா இம்முறை காதருகே வந்து
"முப்பத்தெட்டு" என்றாள்,
ஏதோ ரகசியக் காதல் மாதிரி.
டென்னிஸ் தையல் போட்டுத் திருப்பிக் காட்டினார்:
"உள்ள துணியை வெட்டல்ல கேட்டியளா, விட்டிருக்கேன்."
"மறுபடி பெருப்பேன்னா?"
"ஒடம்புல்லா அம்மா.
கூடும், கொறயும். துணி ரெண்டுக்கும் ஆகணும்."

திரும்பும் பேருந்தில் இடுப்போரம் புரட்டிப் பார்த்தேன்.
வெளியே ஆறுமாத வெயிலும் சோப்பும்.
உள்ளே அந்த இரண்டு விரல் அகலம்
கடையில் கிழித்த அன்றைய மஞ்சள்.

பக்கத்து இருக்கைக்காரி, சாம்பல் நிறச் சேலை,
எங்கே தைத்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள்.
பாக்கெட்டின் ஆழத்தைக் காட்டினேன்.
கையை விட்டுப் பார்த்தாள்.
வெளியே எடுத்தபோது
அவள் உள்ளங்கையில் நாலு கடலை.
ஒன்றை எனக்குத் தந்தாள்.